பழைய கொரோலாவுக்கு ரீகண்டிஷன் ஓட்டோ கியர் பொக்ஸ் போடலாமா?

தம்பி கேட்டது இதுதான். 1997ஆம் ஆண்டு கொரோலா, ஏஇ110 மொடல், ஓட்டோ கியர். காலையில் ரிவர்ஸ் போட்டால் உடனே பிடிக்காமல் இரண்டு மூன்று விநாடி யோசிக்கிறது. ஓடும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகிற இடத்தில் எஞ்சின் ஒருதரம் உறுமிவிட்டுப் பிறகுதான் கியர் விழுகிறது. "பொக்ஸ் முடிஞ்சுது, பஞ்சிகாவத்தையில ஒரு ரீகண்டிஷன் எடுத்துப் போடுவம்" என்று கராஜில் சொல்லிவிட்டார்கள் (பஞ்சிகாவத்தை, கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கிற இடம்). போடலாமா, போட்டால் எதைக் கவனிக்க வேண்டும்?

போடலாம். ஆனால் கொழும்புக்குப் பஸ் ஏற முதல் இரண்டு நாள் பொறுங்கள். செத்துவிட்டது என்று கழற்றி இறக்கிய பொக்ஸ்களில் சில சாகவே இல்லை என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைவிட மோசம், மாற்றிப் போட்டு ஆறு மாதத்தில் திரும்பி வருகிற கார்கள். முதல் பொக்ஸைக் கொன்றது எதுவோ அதுவே இரண்டாவதையும் கொன்றிருக்கும். அதனால் இந்தப் பதிலில் பாதி உங்கள் பழைய பொக்ஸைப் பற்றித்தான்.

முதலில் ஒயில். டொயோட்டாவில் ஏடிஎஃப், அதாவது ஓட்டோ பொக்ஸுக்குள் இருக்கிற ஒயில், பார்க்கிற முறை, எஞ்சின் ஒயில் பார்க்கிற முறை இல்லை. கார் நன்றாக ஓடிச் சூடேறியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு, லீவரை பி-யிலிருந்து எல்-வரை ஒவ்வொன்றாக இழுத்து மறுபடி பி-க்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்கிற குச்சியை உருவித் துடைத்துப் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் நேர் எதிர், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பி, டொயோட்டாவை எஞ்சின் ஓஃப் பண்ணிப் பார்த்து "ஒயில் நிறைய நிக்குது" என்று சொல்கிற ஆட்கள் உண்டு. ஓஃப் பண்ணினால் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒயில் எல்லாம் கீழே இறங்கிவிடும், குச்சி பொய் சொல்லும். அப்படிப் பார்த்தே அரை லீட்டர் ஒரு லீட்டர் குறைவாக வருடக்கணக்கில் ஓடிய கார்கள் இருக்கின்றன. காலையில் ரிவர்ஸ் பிந்துவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

குச்சியில் வந்ததை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டு வையுங்கள். சிவப்போ தேநீர்ச் சாயமோ என்றால் கவலையில்லை. கறுத்து, கருகின மணம் வந்தால் உள்ளே கிளச் தகடு எரிந்திருக்கிறது. வெயிலில் பிடிக்கும்போது மினுங்கினால் உள்ளே உலோகம் தேய்கிறது. மினுங்குகிற பொக்ஸுக்கு வைத்தியம் பார்த்துக் காசு செலவழிக்காதீர்கள்.

அடுத்தது கேபிள். அந்தக் காலத்துக் கொரோலாக்களில் பலவற்றில் திரொட்டிலிலிருந்து ஒரு கேபிள் பொக்ஸுக்குள் இறங்கும். கராஜ்களில் அதைக் கிக்டவுன் கேபிள் என்பார்கள். கிக்டவுன் (அடிவரை மிதிக்கும்போது கியர் ஒன்று கீழே இறங்குவது) மட்டுமல்ல, உள்ளே ஒயில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் அதுதான் சொல்கிறது. கேபிள் தளர்ந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கிளச் வழுக்கும். கியர் மாறும்போது எஞ்சின் உறுமும். இதைப் பார்க்க ஒரு ஆள் உள்ளே இருந்து அக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க வேண்டும். நீங்கள் பொனட்டுக்குள் குனிந்து, கேபிள் வெளியே வருகிற ரப்பர் முனையையும் கம்பியில் அழுத்தி வைத்திருக்கிற சின்ன உலோகக் குண்டையும் பாருங்கள். முழுதாக மிதித்த நிலையில் இரண்டுக்கும் இடையில் 0 முதல் 1 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். எஞ்சின் வேலைக்காகத் திரொட்டில் பொடியைக் கழற்றிப் பூட்டியவர்கள் இந்த நட்டை எங்கேயோ இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பத்து நம்பர் பன்னிரண்டு நம்பர் ஸ்பானரும் ஐந்து நிமிடமும் போதும்.

மூன்றாவதாக, நேரம் பார்க்கலாம். சூடான காரில் கைபிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, என்-னிலிருந்து டி-க்கு மாற்றுங்கள். கார் இலேசாக உலுக்கும்வரை 1.2 விநாடிக்குள் இருக்க வேண்டும். என்-னிலிருந்து ஆர்-க்கு 1.5 விநாடி. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். போன் ஸ்டொப்வோச் போதும். சிலர் ஸ்டோல் டெஸ்ட் என்று பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அக்சிலரேட்டரை அடியில் மிதிப்பார்கள். அது சரியான சோதனைதான், ஆனால் 5 விநாடிக்கு மேல் போனால் சோதனையே பொக்ஸை எரித்துவிடும். முன்னுக்கு ஆட்கள் நிற்கிற முற்றத்தில் அதைச் செய்யவே வேண்டாம்.

இனி உங்கள் இரண்டு அறிகுறிகளுக்கு வருவோம். இவை இரண்டும் சேர்ந்து வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த டொயோட்டா பொக்ஸ்களில் டி போட்டுப் புறப்படும்போது ஒரு கிளச் பிடிக்கும், அது ஃபோர்வர்ட் கிளச். மூன்றாவது விழும்போது அதோடு இன்னொன்று சேர்ந்து பிடிக்கும், அது டைரக்ட் கிளச். ரிவர்ஸ் போட்டால் பிடிப்பதும் அதே டைரக்ட் கிளச்தான். அதாவது ரிவர்ஸும் மூன்றாவதும் ஒரே ஆளின் தோளில் நிற்கின்றன. ஒயிலும் சரி, கேபிளும் சரி, ஆனாலும் இந்த இரண்டு இடத்தில் மட்டும் வழுக்குகிறது என்றால் அந்தக் கிளச்சின் பிஸ்டன் ரப்பர் காய்ந்து இறுகிவிட்டது, அல்லது தகடு தேய்ந்துவிட்டது. காலைக் குளிரில் ரப்பர் இன்னும் இறுகியிருக்கும், சூடேறச் சரியாகிவிடும். நீங்கள் சொல்வதும் அதேதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சிகாவத்தையில் இருக்கிற பொக்ஸும் உங்கள் காரின் வயதுதான். அதற்குள் இருக்கிற ரப்பரும் கால் நூற்றாண்டுப் பழசு. ரீகண்டிஷன் என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஜப்பானில் ஓடிய பழையது என்று மட்டுமே அர்த்தம், யாரும் திறந்து பழுது பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. அதனால் உங்கள் பக்கத்தில் ஓட்டோ பொக்ஸ் திறந்து வேலை செய்யத் தெரிந்த ஒருவர் உண்மையிலேயே இருந்தால், ஓவர்ஹோல் கிட் (சீல், கஸ்கட், ரப்பர் எல்லாம் சேர்ந்த தொகுதி) ஒன்றும் டைரக்ட் கிளச் தகடுகளும் வாங்கிப் போட்டு உங்கள் பொக்ஸையே ஓட வைப்பதுதான் என் முதல் விருப்பம். வெளியே அடிபடாத, வரலாறு தெரிந்த பொக்ஸ் அது. ஆனால் அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது லேசில்லை. "நான் பார்த்திருக்கிறன், செய்வம்" என்கிறவரிடம் கொடுப்பதைவிட ஓடுகிற நிலையில் ஒரு பழைய பொக்ஸை வாங்கிப் பூட்டுவது மேல். பெரும்பாலானவர்கள் அந்த வழிக்குத்தான் வருவார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு 2025 பெப்ரவரி வரை தனியார் கார் பெரும்பாலும் வரவில்லை, திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 1997 கொரோலாவுக்கு இரண்டாவது பொக்ஸ் போடுவதை இப்போது யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டார்கள்.

வாங்கப் போக முதல் பொனட்டைத் திறந்து பின்சுவரில் இருக்கிற தகட்டைப் படியுங்கள். ஜப்பான் காரென்றால் அதில் டிரான்ஸ் - அக்சில் என்று ஒரு வரி இருக்கும். முதல் பாதி பொக்ஸின் பெயர், இரண்டாவது பாதி டிஃபரன்ஷலின் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பல்லுத் தொகுதி) குறியீடு. இரண்டையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். டொயோட்டா வைக்கிற பெயரின் கடைசி எழுத்துத்தான் பலரை விழுத்துவது. ஏ240எல் என்று எல்-லில் முடிந்தால் லொக்கப் (ஓட்டத்தில் எஞ்சினையும் பொக்ஸையும் நேராகப் பூட்டிவிடுகிற ஏற்பாடு) உள்ள ஹைட்ரோலிக் பொக்ஸ், கேபிளிலும் ஒயில் அழுத்தத்திலும் ஓடும். ஏ245இ என்று இ-யில் முடிந்தால் கம்ப்யூட்டர்தான் கியரை மாற்றும். வெளியே இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும், எஞ்சினோடும் பூட்டும். ஆனால் எல் இருந்த காரில் இ-யைப் பூட்டினால் அதன் சொலினோயிட்டுக்கு (மின்சாரத்தில் திறந்து மூடுகிற வால்வு) கட்டளை கொடுக்க ஆளில்லை. "வயர் இழுத்துச் சரிப்பண்ணலாம்" என்று யாராவது சொன்னால் காசைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். மூன்று கியர் உள்ள ஏ132எல்-லும் இந்தச் சந்தையில் கலந்து கிடக்கும். இரண்டாவது பாதி பொருந்தாமல் வாங்கினால் கார் ஓடும், ஆனால் டிஃபரன்ஷல் பல் கணக்கு மாறி, எஞ்சின் தேவையில்லாமல் இரைகிற காராகவோ ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற காராகவோ மாறிவிடும்.

கடையில் தரையில் கிடக்கிற பொக்ஸைவிட ஹாஃப் கட்டில் (முன்பாதியாக வெட்டி இறக்கின கார்) எஞ்சினோடு இருக்கிறதை விரும்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி டி, ஆர் போட்டுக் காட்டச் சொல்லலாம். அப்படிக் கிடைக்காவிட்டால் குச்சியை உருவி மணந்து பாருங்கள். குச்சி இல்லாத பொக்ஸ் என்றால் மழைத்தண்ணீர் அந்தத் துவாரத்தால் உள்ளே போயிருக்குமா என்று யோசியுங்கள். வயர் சொக்கெட்டை வெட்டி எடுத்திருக்கிறார்களா, பெல் ஹவுசிங்கின் (எஞ்சினோடு பூட்டுகிற வாய்ப்பகுதி) காது உடைந்து அலுமினியம் ஒட்டு வைத்திருக்கிறார்களா, எஞ்சின் சுழற்சியை ஒயில் மூலம் பொக்ஸுக்குக் கொடுக்கிற டோர்க் கொன்வேர்ட்டர் கூடவே வருகிறதா என்று பாருங்கள். கொன்வேர்ட்டரை வேறொரு பொக்ஸிலிருந்து எடுத்துச் சோடி சேர்க்க விடாதீர்கள். கடைக்காரர் சம்மதித்தால் அடியிலுள்ள ஒயில் பான் தட்டைக் கழற்றி அதற்குள் இருக்கிற காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் விபூதியைக் குழைத்த மாதிரிப் படிந்திருந்தால் அது சாதாரண தேய்மானம். விரலில் குத்துகிற துகள் இருந்தால் அப்படியே மூடி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பூட்டிப் பார்த்துப் பிழையென்றால் திருப்பிக் கொடுக்கிற செக்கிங் வாரண்டி எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன ஒரு மாதம், பொக்ஸ் யாழ்ப்பாணம் வருகிற வழியில் வவுனியாவைத் தாண்டியதும் ஒரு கிழமையாகிவிடும். பூட்டுகிற பாஸுக்கு (மெக்கானிக்) நேரமில்லாமல் அந்த நாட்கள் கழிந்துபோவதும் நடக்கிறது. அதனால் முதலில் கராஜில் நாளைக் குறித்துக்கொண்டு பிறகு வாங்குங்கள்.

இப்போது ரேடியேட்டர். இந்தக் காரில் பொக்ஸின் ஒயில் குளிர்வது ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்கிற ஒரு குழாயில். சுற்றிலும் தண்ணீர், உள்ளே ஏடிஎஃப். அந்தக் குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் இரண்டும் கலக்கும். சில வருடங்களுக்கு முன் ஒருவர் பொக்ஸ் மாற்றி மூன்று மாதத்தில் என்னிடம் வந்தார், மறுபடி வழுக்குகிறது என்று. குச்சியை உருவினேன். நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிரீம் கடையில் தருகிற ரோஸ் பால் இருக்கிறதே, அதே நிறம், அதே தடிப்பு. முதல் பொக்ஸும் இதால்தான் போயிருந்தது. மாற்றிய கராஜில் யாரும் ரேடியேட்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் பட்டால் கிளச் தகட்டில் ஒட்டியிருக்கிற உராய்வுத் தாள் பசை விட்டுக் கழன்றுவிடும். பிறகு எத்தனை தரம் ஒயில் மாற்றினாலும் பயனில்லை. அவர் அன்றைக்கு மூன்றாவது பொக்ஸும் முதலாவது ரேடியேட்டரும் வாங்கினார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். உங்கள் ரேடியேட்டர் காரோடு வந்ததே என்றால் சந்தேகமில்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள் என்பேன். மாற்றாவிட்டால், பழைய பொக்ஸின் எரிந்த துகள் அந்தக் குழாயில் தங்கியிருக்கும். இரண்டு ஹோஸையும் கழற்றி ஒரு பக்கத்தால் புது ஏடிஎஃப் ஊற்றி, மெதுவாகக் காற்றடித்து, மறுபக்கத்தால் சுத்தமாக வரும்வரை கழுவ வேண்டும்.

பூட்டுகிற வேலையை விவரமாக எழுதப் போவதில்லை. எஞ்சினை மேலே செயின் புளொக்கில் தூக்கிப் பிடித்து, டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, கீழ்க் குறுக்குச் சட்டத்தை இறக்கி எடுக்கிற வேலை கராஜ்களுக்குப் பழகினதுதான். ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

டோர்க் கொன்வேர்ட்டரைப் பொக்ஸுக்குள் தள்ளும்போது அது மூன்று இடத்தில் உட்கார வேண்டும். இரண்டு தண்டின் பற்கள், கடைசியாக ஒயில் பம்பின் கொக்கி. சுற்றிச் சுற்றி அழுத்தினால் ஒவ்வொன்றாக "டொக்" என்று உள்ளே இறங்குவது கையில் தெரியும். மூன்றாவது டொக் வராமலே பொக்ஸைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்தால், ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி நிற்கும். அனுபவமில்லாதவர் அந்த இடைவெளியை போல்ட்டை இறுக்கி மூடுவார். நான் தொழில் பழகின காலத்தில் நானே அதைச் செய்திருக்கிறேன். போல்ட் வழமையைவிடக் கடினமாக இறுகியது, அதைப் பெருமையாகக்கூட நினைத்தேன். ஸ்டார்ட் பண்ணினதும் உள்ளே கல்லரைக்கிற சத்தம். பம்பின் பல் உடைந்து, நல்ல பொக்ஸ் பத்து விநாடியில் பழைய இரும்பானது. பாஸ் ஏசவில்லை. கழற்றுகிற வேலை முழுவதையும் என்னைத் தனியே செய்ய வைத்தார்.

சரியாக உட்கார்ந்திருந்தால் ஹவுசிங் கையால் தள்ளினாலே எஞ்சினில் முட்டிக்கொள்ளும். முட்டின பிறகும் கொன்வேர்ட்டரைக் கையால் சுற்ற முடியும், அதற்கும் எஞ்சின் பக்கத் தகட்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கும். அதைக் கண்ணால் காணாமல் ஒரு போல்ட்டையும் இறுக்க விடாதீர்கள்.

பொக்ஸ் கீழே கிடக்கும்போதே கொன்வேர்ட்டர் ஒயில் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல் இரண்டு, ஃபில்டர், பான் கஸ்கட் எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். விலை பெரிதில்லை. பிறகு ஒழுகினால் ஒரு சீலுக்காக முழுப் பொக்ஸையும் மறுபடி இறக்க வேண்டும். எஞ்சினின் பின் சீலையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஒயில் ஊற்றும்போது இன்னொரு பொறி இருக்கிறது. இந்தப் பழைய டொயோட்டா பொக்ஸ்கள் பலவற்றில் டிஃபரன்ஷலுக்குத் தனி அறை, தனி நட். குச்சியில் தெரிவது பொக்ஸின் அளவு மட்டும்தான். டிஃபரன்ஷல் அறை காலியாக இருந்தாலும் குச்சி நிறைந்தே காட்டும். இறக்குமதி செய்யும்போது ஒயிலை வடித்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். பக்கவாட்டு நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள், துவார விளிம்புவரை ஒயில் நிற்க வேண்டும். அந்த ஒயிலும் டெக்ஸ்ரோன் வகை ஏடிஎஃப்தான், தடித்த கியர் ஒயில் இல்லை. பிந்திய டொயோட்டாக்களுக்கான டி-ஃபோர், டபிள்யூஎஸ் ஒயில்களை "நல்லது, விலை கூட" என்று இதற்குள் ஊற்ற வேண்டாம்.

கொன்வேர்ட்டர் காலியாக வந்திருந்தால் முதலில் நான்கு லீட்டர்வரை ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, லீவரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கூடினாலும் கெடுதல்தான், நுரைத்து அழுத்தம் விழும். கிக்டவுன் கேபிளை மறுபடி அந்த 0 முதல் 1 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். பி-யிலும் என்-னிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகிறதா, ரிவர்ஸ் லைட் ரிவர்ஸில்தான் எரிகிறதா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒரு சிக்கல். நம் தரை தோசைக்கல் மாதிரி. வழுக்குகிற பொக்ஸும் இங்கே ஒப்பேற்றிவிடும், கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் தன் குணத்தைக் காட்டும். அதனால் ஆளை ஏற்றி, ஏசி போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சூடேறிய பிறகும் மூன்றாவது சத்தமில்லாமல் விழுகிறதா என்பதுதான் கேள்வி. 500 கிலோமீட்டரில் பான் தட்டைக் கழற்றிக் காந்தத்தை மறுபடி பாருங்கள்.

வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க மட்டும் விடாதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் பொக்ஸின் பம்ப் ஓடாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே எல்லாம் வறளச் சுற்றும். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஏற்றுகிற வண்டியைக் கூப்பிடுங்கள்.

பழைய பொக்ஸை அன்றைக்கே பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கச் சொல்லி பாஸ் அவசரப்படுத்துவார், இடத்தை அடைக்கிறது என்று. கொடுக்காதீர்கள். வந்த பொக்ஸில் மவுண்ட் பிராக்கெட் ஒன்று வேறாக இருக்கலாம், ஸ்பீடோ மீட்டருக்குப் போகிற சின்னப் பல்லுச் சக்கரம் எண்ணிக்கை மாறியிருக்கலாம், செலக்டர் கை வளைந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மாற்று உங்கள் பழையதில்தான் இருக்கிறது. செக்கிங் வாரண்டி முடிந்து, அந்த 500 கிலோமீட்டரும் ஓடி, காந்தத்தையும் பார்த்த பிறகு விற்கலாம். அதுவரை கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கால் மூடி வையுங்கள், குச்சித் துவாரத்தில் ஒரு துணியை அடைத்து.